கணைக்காலில் ஒரு விரல் இடம்

நாள் 141 | காலை 06:40
செவ்வாய், வடபனி நிலையம். எழுதுபவர் ரோஸ்லின் கார்வாலோ, நீர்ப் பொறியாளர். எங்களுக்குப் பின் இங்கே வரப்போகிறவர்களுக்காக இந்தக் குறிப்பு. நிலையத்தில் இருவர்: நான், துளைப்பொறி இயக்குநர் வேதரத்தினம். வெளியே மைனஸ் 61. காற்றழுத்தம் சீர். கையிருப்பு நீர் 412 லிட்டர். அடுத்த கப்பல் பத்து மாதம் கழித்து.

எலும்பு அடர்த்தி அறிக்கை வந்தது. எனக்கு நான்கு சதவீத இழப்பு. இன்னும் ஒன்று குறைந்தால் அடுத்த கப்பலில் திரும்பிப் போக வேண்டியதுதான். இரண்டாம் கட்டப் பணி வேறொருவருக்குப் போய்விடும். ட்ரெட்மில்லில் நம்மைக் கீழே இழுத்துப் பிடிக்கும் பட்டைகள் இதுவரை பூமி எடையில் எழுபது சதவீதத்துக்கு இருந்தன. வாரத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றச் சொல்லி பூமியிலிருந்து உத்தரவு. இன்றே தொண்ணூற்றைந்துக்கு வைத்தேன். ஐம்பது நிமிடம் ஓடினேன். வலி: இல்லை.

நாள் 147 | காலை 07:30
நீர் 398 லிட்டர். ஓட்டம் அறுபது நிமிடம்.

இரண்டு கணைக்காலிலும் உட்புறமாக, எலும்பின் ஓரத்தில் ஒரு குடைச்சல். வலது காலில் அதிகம். ஓடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. கல்லூரியில் ஐயாயிரம் மீட்டர் ஓடியவள் நான். தூத்துக்குடி தருவை மைதானத்தில் இந்த வலியோடு ஒரு பருவம் முழுக்க ஓடி, பதக்கமும் வாங்கியிருக்கிறேன். உடல்நிலைப் படிவத்தில் "இல்லை" என்றே பதிந்தேன்.

நாள் 153 | காலை 08:05
இப்போது வலி அடங்குவதில்லை. ஓடும்போதும் இருக்கிறது, ஓடி முடித்து உட்கார்ந்த பிறகும் இருக்கிறது. ஏணியில் பக்கவாட்டில் இறங்குகிறேன். காலணியின் உட்புற அடிப்பகுதி தேய்ந்து சாய்ந்திருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

பூமியிலிருந்து எங்கள் எலும்பு மருத்துவர் டாக்டர் பேச்சியம்மாளின் குரல் வந்தது. செய்தி போய்ச்சேர ஒரு வழிக்குப் பதினொரு நிமிடம். உசிலம்பட்டிக்காரர், பள்ளி ஓட்டக்காரர்களின் கால்களைப் பார்த்துப் பழகியவர். அப்படியே பதிகிறேன்:

"ஏத்தா ரோஸ்லின், வலி இல்லைன்னு படிவத்துல எழுதியிருக்க. உன் ட்ரெட்மில்லுல கால் அழுத்தத்தை அளக்குற தட்டு அப்படிச் சொல்லலையே. பத்து நாளா வலது காலை வெடுக்குன்னு எடுக்குற. சுமையை ஒரே நாள்ல இருபத்தஞ்சு ஏத்திருக்க. என்கிட்ட மறைக்காத. உட்கார்ந்து கட்டைவிரலால கணைக்கால் எலும்பை மேலேருந்து கீழ வரைக்கும் அழுத்திப் பாரு. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலா வலிச்சா அது எலும்பு மேல இருக்கிற சவ்வும் தசையும் நொந்துபோனது. ஒரே ஒரு விரல் இடத்துல சுரீர்னு குத்துனா அது எலும்புல விரிசல். எதுன்னு சொல்லு."

அழுத்திப் பார்த்தேன். இடது காலில் பரவலாக. வலது காலில், நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே, ஒரே ஒரு விரல் இடம். அங்கே அழுத்தியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

நாள் 154 | காலை 09:20
உண்மையைச் சொல்லிவிட்டேன். பதில்:

"திட்டுறதுக்கு நேரமில்ல. ஆறு வாரம் ஓட்டம் கிடையாது. ஓடுனா எலும்புல நுணுக்கமா விரிசல் விடும், ஓய்வு குடுத்தா அதுவே அடைச்சுக்கும். நீ அடைக்க நேரமே குடுக்கல. அம்புட்டுத்தான் சங்கதி. சைக்கிள் மிதி. ஐஸைத் துணில சுத்தி பதினஞ்சு நிமிஷம் வை, நாலு வேளை. இடது காலுக்கு, படி ஓரத்துல நின்னு குதிகாலை மெதுவா இறக்கி ஏத்து. வலது காலுக்கு அது இப்ப வேணாம். தூங்கும்போதும் வலிச்சா உடனே சொல்லு. ஆறு வாரம் கழிச்சு நடை, பெறகு நடையும் ஓட்டமும் மாத்தி மாத்தி. வாரத்துக்குப் பத்துல ஒரு பங்குக்கு மேல கூட்டக் கூடாது. எலும்பு குறைஞ்சா குறையட்டும். ஒடிஞ்சா என்ன பண்ணுவ?"

இங்கே ஐஸுக்குப் பஞ்சமில்லை; மேல்தரை ஐஸில் நச்சு உப்பு கலந்திருப்பதால் குடிக்கத்தான் ஆகாது. வேதரத்தினம் அண்ணாச்சி ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து வைத்தார். வேதாரண்யத்துக்காரர், நாற்பத்தொன்பது வயது. பாதி ஆயுள் போர்வெல் போட்டவர். என் பங்கு வெளிவேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

நாள் 176 | காலை 07:10
நீர் 291 லிட்டர். குடிநீருக்காகத் துளை முகாமில் ஆழத்துப் பனிக்கட்டி எடுக்க அண்ணாச்சி வண்டியில் கிளம்பினார். பன்னிரண்டு கிலோமீட்டர். மூன்று நாள் வேலை. நியாயமாக நான் போக வேண்டிய முறை.

இடது காலில் வலி போய்விட்டது. வலது காலில் நடக்கும்போது வலி இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் இன்னும் குத்துகிறது. விரிசல் ஆறிவிட்டதா என்று ஒற்றைக்காலில் குதித்துப் பார்க்க அனுமதி இல்லை. ஆறு வாரத்தில் மூன்றுதான் முடிந்திருக்கிறது.

நாள் 178 | காலை 06:30
முகாமிலிருந்து ரேடியோ:

"தங்கச்சி, வண்டி எரிஞ்சிபோச்சு. ஒயரிங் மொத்தமும் கருகிட்டு. நான் நல்லாத்தான் இருக்கேன், ஒண்ணும் பயப்படாத. ஆனா கூடாரத்துக்கு கரண்டு வண்டிலேருந்துதான் வருது. பேட்டரில காத்தாடி சுத்துது. கரியமில வாயு வடிகட்டி கடைசி டப்பாவுல ஓடுது. பன்னெண்டரை வரைக்கும் தாங்கும்னு மீட்டர் காட்டுது. நடந்தே வந்துடலாம்னா உடைல காத்து ஏத்த முடியல, அம்பது நிமிஷத்துக்குத்தான் இருக்கு."

என் உடையில் எட்டு மணி நேரக் காற்று. மாற்று வடிகட்டிகள் இங்கே. வண்டிக்கான மாற்று மின்பெட்டியும் இங்கே. நான் சொன்னது:

"அண்ணாச்சி, நான் வாரேன். நீங்க பேசாம படுத்துக் கிடங்க. மூச்ச வீணாக்காதீய."

"உன் காலு?"

"காலு இருக்கு."

காலை 07:35
பெட்டி மூடி ஒன்றைச் சறுக்குப் பலகையாக்கினேன். வடிகட்டி நான்கு, மின்பெட்டி ஒன்று, முதலுதவிப் பை. வலது கணைக்காலை இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே வைத்துக் கட்டி, அதற்கு மேல் உடை அணிந்தேன். துளைக்கம்பி இரண்டு, ஊன்றுகோலுக்கு. உடையோடு சேர்த்தால் என் எடை இங்கே, பூமியில் நான் வெறுமனே நிற்கிற அளவு. அதற்கு மேல் பலகை இழுக்கிற சுமை.

06:40-க்கு டாக்டருக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் 07:06-க்கு வந்தது:

"போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மருத்துவரா சொல்லணும்னா போகக் கூடாது. சரி, கேளு. ஓடாத. எட்டுச் சின்னதா வை. பத்து நிமிஷம் நட, ஒரு நிமிஷம் நில்லு. வலது கால் ஊன்றப்ப எடையைக் கம்புல வாங்கு. இறக்கத்துல பின்பக்கமா இறங்கு. மந்தமா வலிச்சா நடக்கலாம். கூரா குத்துனா நின்னுடு. நிக்கணும், புரியுதா."

இனித் தலைக்கவசத்தில் குரல் பதிவு. அது எழுத்தாக இதே ஏட்டில் சேரும்.

காலை 08:40
மூன்று கிலோமீட்டர். தரை கெட்டி. மந்தமான வலி. அண்ணாச்சி அரை மணிக்கொரு முறை ரேடியோவில் பெயரை மட்டும் சொல்கிறார். நானும் பெயரை மட்டும் சொல்கிறேன்.

காலை 09:50
ஆறரை. வேகம் திட்டப்படி. இந்தக் கணக்கில் 11:45-க்குச் சேரலாம். இடது கால்தான் இப்போது அதிகம் உழைக்கிறது. வலது காலில் நான்காம் கிலோமீட்டரிலிருந்து அந்த ஒரு விரல் இடம் தனியாகத் தெரிகிறது. குத்தவில்லை. எரிகிறது.

காலை 10:30
எட்டு. குத்துகிறது. நிற்கவில்லை.

டாக்டருக்கு இந்தப் பதிவு போகும் என்று தெரிந்தே சொல்கிறேன். நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். நின்றால் நான் பிழைப்பேன்.

காலை 10:55
ஒன்பது புள்ளி ஒன்று. சிறு பள்ளம். வலது காலை வைத்தேன். சத்தம் காதில் கேட்கவில்லை, எலும்பு வழியாகத் தலைக்குள் கேட்டது. விழுந்தேன். உடை கிழியவில்லை. அழுத்தம் சீர்.

கால் ஒடிந்துவிட்டது. தகடு பிடித்துக்கொண்டிருப்பதால் நேராக இருக்கிறது. ஊன்ற முடியாது. இன்னும் 2.9 கிலோமீட்டர். ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்.

காலை 11:20
பலகையில் வயிற்றை வைத்துப் படுத்து, இடது காலால் உந்துகிறேன். கம்பிகளைத் தரையில் குத்தி இழுக்கிறேன். இருபத்தைந்து நிமிடத்தில் நானூறு மீட்டர். கணக்கு வரவில்லை. அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. பெயரை மட்டும் சொன்னேன்.

"உன் குரலு சரியில்லியே தங்கச்சி. என்ன ஆச்சி?"

சொன்னேன்.

"திரும்பிப் போயிடு."

"திரும்பினா ஒம்பது கிலோமீட்டர் அண்ணாச்சி. உங்க பக்கந்தான் கிட்ட."

மதியம் 12:10
ஒன்றே முக்கால் கிலோமீட்டர் பாக்கி. கையுறைக்குள் விரல்கள் மரத்துவிட்டன. வலது கால் உடைக்குள் இறுக்கமாக இருக்கிறது. பாதம் என்னுடையதாக இல்லை. வாந்தி எடுக்கக் கூடாது. தலைக்கவசத்துக்குள் வாந்தி எடுக்கக் கூடாது. எடுக்கக் கூடாது.

மதியம் 12:31
"தலை சுத்துது தங்கச்சி. இனி உள்ள இருந்து பிரயோசனமில்ல. உடை மாட்டிட்டேன். உன்னப் பாத்து வாரேன். இருபத்தஞ்சு நிமிஷம் நடப்பேன். அதுக்குள்ள நீ கண்ணுல படணும்."

அவர் என்னைப் பார்க்காவிட்டால் திரும்பிப் போகவும் காற்று இருக்காது. திரும்பிப் போகக் கூடாரத்தில் காற்றும் இல்லை.

மதியம் 12:48
தெரியவில்லை. மேடு. விளக்கைத் தட்டித் தட்டி எரிக்கிறேன். பகலில் யார் கண்ணுக்குத் தெரியும். மேட்டின் மேல் ஏறிவிட்டால் போதும். ஏறிவிட்டால். இடது கால் உந்த மறுக்கிற

நாள் 178 | பிற்பகல் 14:30
எழுதுபவர் வேதரத்தினம். எனக்கு ஏடு எழுதிப் பழக்கமில்லை. ரோஸ்லினால் முடியாததால் எழுதுகிறேன்.

12:57-க்கு மேட்டில் அவளைக் கண்டேன். நினைவு இருந்தது. பலகையோடு சேர்த்துக் கட்டி இழுத்தேன். 1.1 கிலோமீட்டர். கூடாரத்தின் கதவை மூடியபோது என் காற்றுமானி சுழியத்தில் நின்று இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. வடிகட்டியை மாற்றினேன். இப்போது இருவரும் மூச்சு விடுகிறோம்.

அவள் உடையைக் கழற்றினேன். வலது கெண்டைக்கால் வீங்கித் தோல் பளபளக்கிறது. தொட்டால் மரக்கட்டை. பாதம் சில்லிட்டிருக்கிறது. கட்டைவிரலை லேசாக மேலே தூக்கினேன். அவள் கத்தியதை எழுத மாட்டேன். நகத்தை அழுத்தினால் வெளுக்கிறது. சிவப்பு திரும்ப ஏழு எண்ண வேண்டியிருக்கிறது. படம் எடுத்து 14:25-க்குப் பூமிக்கு அனுப்பினேன்.

பிற்பகல் 14:53
டாக்டரின் பதில். முழுதாகப் பதிகிறேன், திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்:

"வேதரத்தினம் அண்ணே, நல்லாக் கேட்டுக்கங்க, கேள்வி கேட்டுப் பதில் வாங்க நேரமில்ல. கெண்டைக்கால் தசையெல்லாம் நாலு உறைக்குள்ள இருக்கு. அந்த உறை விரியாது. உள்ள ரத்தம் கட்டி வீங்கிப்போயி ரத்த ஓட்டத்தையே நெரிக்குது. ஒடிஞ்சதுலேருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள உறையைக் கிழிச்சு விடணும். இல்லேன்னா தசை செத்துரும், கால் போகும், அவளும் போகலாம். அஞ்சு மணிக்கு முன்னாடி முடிக்கணும். நீங்கதான் வெட்டணும். பையில மரத்துப்போக வைக்கிற ஊசி மூணு இருக்கும். வெளிப்பக்கம் முதல்ல. முழங்காலுக்கு நாலு விரல் கீழே ஆரம்பிச்சு, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிறுத்துங்க. தோல், கொழுப்பு, அதுக்குக் கீழ வெள்ளையா பளபளன்னு ஒரு துணி மாதிரி. அதுதான் உறை. நுனி மட்டும் நுழையிற மாதிரி கீறி, கத்தரியால மேலயும் கீழயும் பிளந்து விடுங்க. முழங்கால்கிட்ட ஒரு நரம்பு போகும், அங்க போகாதீங்க. தசை பிதுங்கி வெளிய வரும். வரட்டும். அப்புறம் உள்பக்கம். மூடித் தைக்கக் கூடாது. நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

பிற்பகல் 15:10
பேனாவால் கோடு போட்டேன். கையைக் கழுவினேன். போர்வெல்லில் எந்த ஆழத்தில் மண் மாறும், எங்கே பாறை தொடங்கும் என்று கம்பி அதிர்வை வைத்தே சொல்வேன். இங்கே எனக்கு ஒன்றும் தெரியாது. ரோஸ்லின் விளக்கைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள்.

பிற்பகல் 15:48
வெளிப்பக்கம் முடிந்தது. தசை தானாகப் பிதுங்கிக்கொண்டு வந்தது. சாம்பல் நிறம். இரண்டு ஊசி போட்டேன், மூன்றாவது உடைந்திருந்தது. உள்பக்கத்துக்கு ஊசி இல்லை.

அவளிடம் சொன்னேன். அவள் சொன்னதையும் பதிகிறேன், பூமிக்குப் போகும் ஒலிப்பதிவில் இருக்கிறது:

"கைய எடுக்காதீய அண்ணாச்சி. நான் கத்துனா கத்திட்டுப் போறேன். நீங்க நிறுத்தாதீய."

பிற்பகல் 16:37
முடிந்தது. நான்கு உறையும் திறந்தாயிற்று. நடுவில் அவள் மயங்கிவிட்டாள். விளக்கை நான் வாயில் கவ்விக்கொண்டேன்.

தசை சாம்பலிலிருந்து சிவப்பாக மாறிவருகிறது. ஓரிடத்தில் மட்டும் மாறவில்லை. நகத்தை அழுத்தினேன். ஐந்து எண்ணினேன். சற்றுக் கழித்து மறுபடி. மூன்று.

நாள் 180 | காலை 09:15
மின்பெட்டி மாற்றி வண்டிக்கு உயிர் வந்துவிட்டது. சூரியத் தகட்டால் அதன் பேட்டரியில் முப்பத்தொரு சதவீதம் ஏறியிருக்கிறது. காய்ச்சல் 39.1. அதற்கான மருந்து நிலையத்தில்தான். மெதுவாகப் போனால் இரண்டு மணி நேரம். அவளைப் படுக்கையோடு கட்டியிருக்கிறேன். கிளம்புகிறோம்.

நாள் 203 | காலை 08:30
ரோஸ்லின் கார்வாலோ. இருபத்தைந்து நாளுக்குப் பின் முதல் பதிவு.

காய்ச்சல் ஆறு நாள் இருந்தது. காயங்களை ஒன்பதாம் நாள் அண்ணாச்சி தைத்தார். தையல் கோணல். கால் இருக்கிறது. வெளிப்பக்கத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை, தொங்குகிறது. மூன்று விரல் அசைகிறது. எலும்பு ஒட்ட நான்கு மாதம் ஆகும். கப்பல் வந்ததும் நான் திரும்புகிறேன், முடிவு வந்துவிட்டது. படித்துவிட்டுத் திரையை அணைத்தேன். எதிர்பார்த்த அளவு துக்கம் வரவில்லை. பின்னால் வரலாம்.

அடுத்து வருகிறவர்களுக்கு: பட்டையில் சுமையை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். தேய்ந்த காலணியை மாற்றுங்கள். ஓடத் தொடங்கினால் அடங்கிவிடுகிற வலிதான் நம்மை ஏமாற்றுகிறது. முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வார ஓய்வு போதுமாக இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். அண்ணாச்சி முகாமுக்குப் போன அன்று என் முறைக்கு நானே போயிருப்பேன். வண்டி எரிந்திருக்கும். அவர் எனக்காக நடந்து வந்திருப்பார், இரண்டு நல்ல கால்களோடு.

காலை 10:00
நீர் 88 லிட்டர். வேறு வழியில்லை. அண்ணாச்சி இன்று காலை ஏழு மணிக்கு மறுபடி துளை முகாமுக்குப் போனார். இம்முறை வடிகட்டி பத்து, உடைக்குக் கூடுதல் காற்று இரண்டு நாளுக்கு. மணிக்கொரு முறை ரேடியோ.

10:00 அழைப்பு: வந்தது.

காலை 11:00
வந்தது. துளை தொடங்கிவிட்டார்.

மதியம் 12:00
வரவில்லை.

மதியம் 12:04
அழைத்தேன். பதில் இல்லை. மூன்று அலைவரிசையிலும் அழைத்தேன்.

மதியம் 12:07
பதில் இல்லை. நான் நடக்க அண்ணாச்சி கூரையில் கட்டிவைத்த கயிற்றைப் பிடித்து உடை அறைக்கு வந்துவிட்டேன். பூமிக்குச் சொல்லவில்லை. சொன்னால் பதில் வர இருபத்திரண்டு நிமிடம். என்ன பதில் வரும் என்றும் தெரியும்.

மதியம் 12:11
"தங்கச்சி, கேக்குதா? துளைல கம்பி மாட்டிகிட்டு, அத எடுத்துகிட்டு இருந்தேன். நேரம் பாக்கல. ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிட்டு. என்ன பேச்சையே காணும்?"

இடது காலை உடைக்குள் நுழைத்திருந்தேன். வலது காலைக் கையால் தூக்கிப் பிடித்தபடி, இதை எப்படி உள்ளே விடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ரேடியோவை எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வேலையப் பாருங்க."